அசையாத பல் நகர்வது எப்படி?

கூவம் ஆறு சென்னை நகருக்குள் வளைந்து நெளிந்து ஓடுகிறது. அப்படிப்பட்ட ஒரு வளைவுக்குள் அடங்கிய பகுதிதான் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுப்பதற்காக நெசவாளர்களைக் குடியேற்றி இந்தப் பேட்டையை அமைத்தார்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிச் சத்தம் அங்கே ஓய்ந்து நெடுநாளாகிறது. ஆனால் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலை மட்டும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நமக்குப் பயன்படும்.

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனால் அடுத்த நிலையம் பூங்கா நகர், அதற்கடுத்தது கோட்டை. கோட்டை நிலையத்துக்கு அருகில்தான் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய நிலையம் இது. பல்லுக்குக் 'கம்பி கட்டும்' பிரிவும் இங்கே உண்டு. அதன் பெயர் பல் சீரமைப்பு மருத்துவம். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ஆர்த்தோடான்டிக்ஸ்.

உங்கள் வகுப்பில் எத்துப்பல் உள்ள ஒரு மாணவி இருக்கலாம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். கீழ்த்தாடை முன்னே நீண்ட ஒரு மாணவனும் இருக்கலாம். அவனுக்குப் பட்டப்பெயரும் வைத்திருப்பீர்கள். வீட்டில் பெரியவர்கள், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது சரிதானா? இந்தக் கேள்விக்கு இக்கட்டுரையின் முடிவில் நீங்களே விடை சொல்வீர்கள்.

பல்லில் கோளாறா? தாடையில் கோளாறா?

முதலில் ஒரு கண்ணாடியை எடுத்துக் கொள்ளுங்கள். எச்சிலை விழுங்கிவிட்டு, பின் பற்களால் இயல்பாகக் கடியுங்கள். உதடுகளை விரலால் விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்குச் சற்று முன்னால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, அவற்றைக் கொஞ்சம் மூடினாற்போல் இருக்கின்றனவா? மேலே உள்ள கோரைப்பல்லின் கூர்முனை, கீழ்க் கோரைப்பல்லுக்கும் அதற்குப் பின்னுள்ள பல்லுக்கும் இடையே வந்து உட்காருகிறதா? அப்படியானால் உங்கள் கடிப்பு ஏறத்தாழ ஒழுங்கானது.

1899-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் கடிப்பை மூன்று வகையாகப் பிரித்தார். ஆறு வயதில் முளைக்கும் முதல் பெரிய கடைவாய்ப்பல்லே அவருக்கு அளவுகோல். மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தி, மற்ற பற்கள் மட்டும் நெருக்கியோ திரும்பியோ இருந்தால் முதல் வகை. கீழ்ப்பற்கள் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. கீழ்ப்பற்கள் முந்தியிருந்தால் மூன்றாம் வகை. இந்தப் பிரிவை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பல்லை மட்டும் பார்த்தால் போதாது. எத்துப்பல் என்று நாம் சொல்வது இரண்டு காரணங்களால் நேரலாம். மேல் பற்கள் முன்னே சாய்ந்திருக்கலாம். அல்லது மேல் பற்கள் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்க, கீழ்த்தாடை வளராமல் பின்தங்கியிருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. சுவர் சாய்ந்திருக்கிறதா, அஸ்திவாரம் தள்ளியிருக்கிறதா என்று கொத்தனார் முதலில் பார்ப்பதைப் போன்றது இது.

இதைக் கண்டறிய உதவுவது பக்கவாட்டு எக்ஸ்ரே. 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் ஆகிய இருவரும் தனித்தனியே இதற்கு வழி கண்டனர். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவியில் வைத்து, ஒரே தூரத்திலிருந்து எக்ஸ்ரே எடுத்தால், இன்று எடுத்த படத்தையும் அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தையும் ஒப்பிட முடியும் அல்லவா? அதுதான் அவர்களுடைய யோசனை.

இனி உங்கள் ஜியோமிதிப் பெட்டிக்கு வேலை வருகிறது. படத்தில் மூக்கின் வேர் ஒரு புள்ளி. மேல்தாடை எலும்பின் முன்பக்கக் குழிவு இரண்டாவது புள்ளி. கீழ்த்தாடை எலும்பின் முன்பக்கக் குழிவு மூன்றாவது புள்ளி. மூக்கின் வேரிலிருந்து மற்ற இரண்டு புள்ளிகளுக்கும் கோடு வரைந்து, இடையே உள்ள கோணத்தை அளக்கிறார்கள். 1953-இல் ஸ்டைனர் என்பவர் இது சுமார் 2 டிகிரி இருக்கவேண்டும் என்று கணக்கிட்டார். கோணம் இதைவிட மிகுந்தால் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது, அல்லது மேல்தாடை முந்தியிருக்கிறது என்று பொருள். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை முந்தினால் கோணம் எதிர்க்குறி பெறும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஸ்டைனரின் அளவு வெள்ளையர் முகங்களுக்கானது. நம் நாட்டவரின் முகவாகு வேறு. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்மீது திணிக்க முடியாது. முகத்தையும் பார்த்து, எண்ணையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பாவு நூலில் தொங்கும் பல்

பல் எலும்புக்குள் ஆணி அடித்தாற்போல் இறங்கியிருக்கிறது என்று நினைப்போம். அது தவறு. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள், ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்து, இழுத்துக் கட்டிய பாவு நூல் போலப் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. நார்களுக்கு இடையே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் திரவமும் இருக்கின்றன. ஆகவே பல் ஒரு சிறு தொட்டிலில் தொங்குகிறது எனலாம்.

இப்போது பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளுவோம். முன்பக்க நார்கள் நசுங்கும்; பின்பக்க நார்கள் இழுபடும். நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்ந்து எலும்பை அரிக்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பை இடுகின்றன. முன்னே பள்ளம் தோண்டி, பின்னே மண் நிரப்பினால் என்ன ஆகும்? குழியே இடம் மாறும். குழியோடு பல்லும் நகரும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் சான்ட்ஸ்டெட் நாய்களில் சோதனை செய்து இந்த உண்மையை 1904 வாக்கில் வெளியிட்டார்.

இந்த வேலை மெதுவாகவே நடக்கும். பொதுவாக ஒரு பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். நெருக்கத்தைப் போக்க ஒரு சிறு கடைவாய்ப்பல்லை எடுத்தால் உண்டாகும் இடைவெளி சுமார் 7 மில்லிமீட்டர். அதை மூட மட்டும் ஏழெட்டு மாதம் தேவை. அதற்கு முன் பற்களை வரிசைப்படுத்தவேண்டும். பின் கடிப்பைச் செம்மைப்படுத்தவேண்டும். ஆகமொத்தம் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஏன் ஆகிறது என்பது இப்போது புரிகிறதா?

முறுக்கு நகர்த்தாத பல்லை விரல் நகர்த்துவது ஏன்?

நீங்கள் கேட்கலாம்: "நாம் முறுக்கைக் கடிக்கும்போது பல்லின் மீது பல கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறதே! அப்போது பல் ஏன் நகர்வதில்லை? விரல் சூப்பும் குழந்தைக்கு, அந்தச் சிறு விரலின் அழுத்தத்தாலேயே பல் முன்னே வந்துவிடுகிறதே!"

நல்ல கேள்வி. விடை, நேரத்தில் இருக்கிறது. முறுக்கைக் கடிக்கும் விசை ஒரு விநாடிக்கும் குறைவாகவே நீடிக்கும். நார்களுக்கு இடையே உள்ள திரவம் அதைத் தாங்கிக்கொள்ளும். விரலின் விசையோ மணிக்கணக்காக நீடிக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரமாவது விசை நீடித்தால்தான் செல்கள் வேலையைத் தொடங்கும். பல்லை நகர்த்துவதற்கு வேண்டியது பெரிய விசையன்று, விடாத விசை.

எவ்வளவு விசை? ஒரு பல்லைச் சாய்ப்பதற்குச் சுமார் 35 முதல் 60 கிராம் எடைக்குச் சமமான விசை போதும். ஒரு கோழி முட்டை உங்கள் உள்ளங்கையில் அழுத்துமே, ஏறத்தாழ அவ்வளவுதான். "அதிகமாகத் தள்ளினால் சீக்கிரம் முடியுமே" என்று தோன்றும். முடியாது. உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுக்கிறது அல்லவா? நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி இரத்தம் நின்றுவிட்டது. பல்லை அதிகமாகத் தள்ளினாலும் இதுவே நடக்கும். இரத்தம் இல்லாத இடத்தில் செல்கள் இறந்துவிடும். எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு அங்கே வழி இராது. பல் சில வாரங்கள் அசையாமல் நின்றுவிடும். வலி மிகும். வேரின் நுனியே தேய்ந்து குட்டையாகவும் கூடும். அவசரப்பட்டால் தாமதம் என்பது இங்கே உடலியல் உண்மை.

செய்து பாருங்கள்

ஒரு டம்ளரில் ஈரமணலை நிரப்பி, ஒரு பென்சிலைப் பாதிக்குமேல் புதையும்படி நிறுத்துங்கள். அதன் தலையை விரலால் மெல்ல முன்னே தள்ளுங்கள். பிறகு பென்சிலைச் சாயாமல் உருவி, மணலில் உள்ள குழியைப் பாருங்கள். மேல்புறத்தில் குழி முன்பக்கமாக அகன்றிருக்கும். அடியில் பின்பக்கமாக அகன்றிருக்கும். அதாவது, தலை முன்னே போனபோது நுனி பின்னே போயிருக்கிறது.

பல்லும் அப்படித்தான். நமக்குக் கைக்கு எட்டுவது பல்லின் தலை மட்டுமே. அதைத் தள்ளினால் பல் சாயுமே தவிர வேர் கூடவே வராது. வேரையும் சேர்த்து நகர்த்த ஒரு முறுக்கு விசை வேண்டும். 1920-களில் இதே எட்வர்ட் ஆங்கிள் இதற்கு ஓர் உபாயம் கண்டார். பல்லில் பொருத்தும் சிறு உலோகத் துண்டில், அதாவது பிராக்கெட்டில், செவ்வக வடிவப் பள்ளம் வெட்டினார். அதில் செவ்வகக் கம்பியைப் பொருத்தினார். உருண்டைக் கம்பி பள்ளத்தில் சுழன்றுவிடும். செவ்வகக் கம்பி சுழலாது. அதை முறுக்கினால் பல்லின் வேரும் திரும்பும். இன்று உங்கள் தோழர்களின் பல்லில் நீங்கள் காணும் கம்பிகளுக்கு அடிப்படை இதுதான்.

கம்பியின் உலோகமும் மாறியிருக்கிறது. எஃகுக் கம்பியை வளைத்துக் கட்டினால் முதலில் விசை மிகும். பல் சிறிது நகர்ந்ததும் விசை குறைந்துவிடும். 1960-ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் என்ற கலப்புலோகம் உருவாயிற்று. வெகுவாக வளைத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஆன்ட்ரியாசென் என்ற பல் மருத்துவர் இதைக் கம்பியாக்கிப் பல்லில் கட்டினார். மெல்லிய விசை, நீண்ட நாள் நீடிக்கும் விசை: மேலே நாம் கண்ட இரண்டும் இதில் அமைந்தன.

வளரும் தாடைக்கு ஒரு பருவம்

இதுவரை பல்லை நகர்த்துவது பற்றிப் பார்த்தோம். தாடை எலும்பே சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால்? இங்கேதான் வயது முக்கியமாகிறது.

நீங்கள் திடீரென்று உயரமாக வளரும் பருவத்தில் தாடையும் வேகமாக வளர்கிறது. பெண்களுக்கு இது பெரும்பாலும் 10 முதல் 12 வயதில். ஆண்களுக்கு 12 முதல் 14 வயதில். ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால், கை எலும்புகளையோ கழுத்து எலும்புகளையோ எக்ஸ்ரேயில் பார்த்து வளர்ச்சிப் பருவத்தைக் கணிக்கிறார்கள். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு இந்தப் பருவத்தில், தாடையை முன்னே தள்ளிக் கடிக்க வைக்கும் கழற்றி மாட்டும் சாதனத்தைக் கொடுப்பார்கள். 1977-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் அமைத்த 'ட்வின் பிளாக்' அவற்றுள் ஒன்று. மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை. இரண்டின் சரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது தாடை தானே முன்னே வரும்.

மேல்தாடை குறுகியிருந்தால் இன்னொரு வழி. அண்ணத்தின் நடுவே இரு பாதி எலும்புகளும் சேரும் ஒரு தையல் கோடு இருக்கிறது. சிறு வயதில் அது இறுகியிராது. 1860-லேயே எமர்சன் ஏஞ்சல் என்ற அமெரிக்கர் ஒரு திருகாணியை வைத்து அதை விரித்துக் காட்டினார். திருகாணியை ஒரு முறை திருப்பினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். சில நாளில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். வீட்டார் பயந்துவிடுவார்கள். ஆனால் எலும்பு விரிந்ததற்கு அதுவே அடையாளம். பிறகு அந்தச் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பதினைந்து பதினாறு வயதுக்குமேல் தையல் இறுகிவிடுவதால் இவ்வளவு எளிதாக இது நடப்பதில்லை.

கீழ்த்தாடை மிக நீண்ட பிள்ளைகளின் கதை வேறு. மேல்தாடை பின்தங்கியதால் அப்படித் தோன்றினால், பத்து வயதுக்குள் முகத்தில் மாட்டும் சாதனத்தால் மேல்தாடையை முன்னே இழுக்க முயலலாம். கீழ்த்தாடையே நீளமானால், வளர வளர அது கூடுமே தவிரக் குறையாது. அப்போது வளர்ச்சி நிற்கும் வரை காத்திருந்து அறுவை செய்யவேண்டும்.

கம்பியும் கத்தியும்

வளர்ச்சி முடிந்தபின் தாடையைச் சரிசெய்யும் சிகிச்சையில் பல் சீரமைப்பு நிபுணரும் முகத்தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். முதலில் ஓராண்டோ அதற்கு மேலோ கம்பி கட்டுவார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. கீழ்த்தாடை நீண்டவருக்குக் கீழ்ப்பற்கள் பின்னேயும் மேல்பற்கள் முன்னேயும் சாய்ந்து, குறையை ஓரளவு மறைத்திருக்கும். அந்தச் சாய்வை முதலில் நிமிர்த்தவேண்டும். நிமிர்த்தினால் கடிப்பு முன்னைவிட மோசமாகத் தெரியும்! இதை முன்பே அறியாதவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, வாய்க்குள்ளேயே கீறி, தாடை எலும்பைப் பிளந்து, சரியான இடத்துக்கு நகர்த்தி, டைட்டேனியத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவார்கள். கீழ்த்தாடையை இரு தகடுகளாகப் பிளந்து நகர்த்தும் முறையை 1950-களில் ஹூகோ ஓப்வெகெசர் உருவாக்கினார். பிளந்த பரப்பு அகலமாக இருப்பதால் எலும்பு எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

இத்தகைய கூட்டு முயற்சி மிகவும் தேவைப்படுவது பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்டு பிறக்கும் குழந்தைகளுக்கு. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணத்தால் வந்தது என்று தாயைப் பழிப்பது அறியாமை. கருவின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் பகுதிகள் சேராமல் போவதே இதன் காரணம். சில மாதக் குழந்தையாக இருக்கும்போது உதட்டுக்கு அறுவை; ஒரு வயதை ஒட்டி அண்ணத்துக்கு அறுவை. பிறகு பேச்சுப் பயிற்சி. 8 முதல் 10 வயதில், கோரைப்பல் முளைக்குமுன், ஈற்றுப் பிளவில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்து நிரப்புவார்கள். அப்போதுதான் அந்தப் பல் இறங்க இடம் கிடைக்கும். அதன்பின் கம்பி. இந்த நீண்ட வரிசையில் ஒரு படி தவறினாலும் அடுத்த படி கடினமாகிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கும் குறைகளில் இந்தப் பிளவும் ஒன்று.

இதைச் செய்யாதீர்கள்!

முன்பற்களின் சந்தை மூட, இரண்டு பல்லையும் சேர்த்துச் சிறு ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. முன்பல்லின் வேர் நுனியை நோக்கிக் கூம்பிப் போகிறது. ரப்பர் வளையம் அகன்ற இடத்தில் நில்லாது. குறுகலான இடத்தை நோக்கி வழுக்கி, ஈற்றுக்குள் மறைந்து, வேரைப் பற்றிய நார்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகும். சந்து மூடினாற்போல் இருக்கும். சில வாரங்களில் நல்ல பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கும், விழவும் கூடும். பாவு நூலை அறுத்தபின் துணி ஏது?

கம்பி கட்டியவர்கள் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டபின் பல் துலக்கவேண்டும். கம்பியைச் சுற்றி உணவு தங்கினால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். கம்பியை எடுத்தபின், டாக்டர் கொடுக்கும் நிலைநிறுத்தும் சாதனத்தை அணியாமல் விட்டால் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பும். இழுபட்ட நார்கள் புதிய இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும்.

யாரிடம் போவது? பல் மருத்துவப் பட்டம் பெற ஐந்து ஆண்டு. அதற்குமேல் பல் சீரமைப்பில் மூன்று ஆண்டு படித்து மேற்பட்டம் பெற்றவரே இத்துறையின் நிபுணர். சிக்கலான தாடைக் குறைக்கு அவரிடமே செல்லவேண்டும். அரசு பல் மருத்துவமனையில் செலவு குறைவு. ஆனால் பலமுறை போய்வரப் பொறுமை வேண்டும்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். "வளர வளரச் சரியாகிவிடும்" என்பது சரியா? வளர்ச்சி தானாக எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை. சில குறைகளுக்கு அது நமக்கு உதவும் கருவி. அந்தக் கருவி கைக்குக் கிடைப்பது சில ஆண்டுகளே. வேறு சில குறைகளை அதுவே பெரிதாக்கும். எது எந்த வகை என்று கண்டறிய ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. ஏழு வயதில் காட்டினாலும் தவறில்லை. பன்னிரண்டில் காட்டாமல் விடுவதுதான் இழப்பு. உங்கள் வகுப்புத் தோழிக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் தோழனுக்கு வைத்த பட்டப்பெயரையும் விட்டுவிடுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. பால் பல் எப்படியும் விழப்போவதுதான். ஆனாலும் சொத்தையால் அது முன்கூட்டியே போனால், பின்னால் முளைக்கும் பல் வரிசை தவறுவது ஏன்?

2. ஒரு பல்லை 3 மில்லிமீட்டர் நகர்த்தவேண்டும். இரண்டு மடங்கு விசை கொடுத்தால் பாதி நாளில் முடியுமா? காரணம் கூறுக.

3. எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் டைட்டேனியச் செயற்கைப் பல்லைக் கம்பி கட்டி நகர்த்த முடியாது. அதனிடம் இல்லாதது எது?